வறட்சி மாதங்களில் ஆறு, கிணறு, உப்பு: செபராங் பிறைப் பக்கம் அளவெடுப்பது எப்படி?

பிறை_வாய்க்கால் · #1

வடகிழக்குப் பருவக்காற்று மழையையெல்லாம் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடுதான் பினாங்குப் பக்கம் வருகிறது. சனவரி, பிப்ரவரியில் ஆறுகள் இளைப்பதற்கு அதுதான் காரணம். பெரிய ஆறுகளுக்குக் கவலையில்லை. ஜே.பி.எஸ். (நீர்ப்பாசன, வடிகால் இலாகா) தளத்தில் மட்டம் போடுகிறார்கள், வறட்சிக்கென்றே 'இன்ஃபோ கெமாராவ்' பக்கமும் வைத்திருக்கிறார்கள். ஆனால் மலையடி ஓடை, கம்பத்துக் (கிராமத்துக்) கிணறு, கடலோரக் கால்வாய் இவையெல்லாம் எந்தத் தளத்திலும் வராது. நாமே அளந்தால்தான் உண்டு.

இந்த இழையில் பேச நினைப்பது மூன்று: புக்கிட் மெர்த்தாஜாம் மலையடியில் ஒரு ஓடையின் ஓட்டம், கடலோரம் ஐந்தாறு வளையக் கிணறுகளும் இரண்டு குழாய்க் கிணறுகளும், சுங்கை ஜாவிப் பக்கம் ஒரு பாலத்தில் ஆற்று உப்பு.

முதலில் உப்பு. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10 மணிக்குப் பாலத்திலிருந்து வாளி இறக்கி எடுத்த ஈ.சி. (நீரின் மின்கடத்துதிறன், உப்பு கூடினால் அதுவும் கூடும்) அளவுகள் இவை, மைக்ரோசீமென்ஸ் கணக்கில்: 380, 2,900, 410, 3,100. நான்கு வாரமும் சொட்டு மழை இல்லை. மீட்டர் கெட்டுவிட்டதா?

---

முகத்துவாரம் · #2

மீட்டர் மேல் பழி போட வேண்டாம். கடிகாரம்தான் ஏமாற்றுகிறது.

நம் கரையில் கடல் ஓதம் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் அதே ஏற்றம் 50 நிமிடம் தள்ளி வருகிறது. ஏழு நாளில் அந்தத் தள்ளல் 5 மணி 50 நிமிடம் ஆகிவிடும். ஏற்றத்திலிருந்து வற்றத்துக்கு ஆகும் நேரமும் 6 மணி 12 நிமிடம்தானே? ஆக, வாரம் ஒருமுறை அதே மணிக்குப் போனால் ஒரு வாரம் ஏற்றத்தில் நிற்பீர்கள், மறு வாரம் வற்றத்தில் நிற்பீர்கள். 380, 2,900, 410, 3,100 என்று ஊஞ்சல் ஆடுவது அதனால்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் இதைவிட மோசம். ஏறக்குறைய அதே ஓத நிலையில் திரும்பத் திரும்ப நிற்பதால் அளவுகள் அமைதியாகத் தெரியும். வற்றத்தில் மாட்டிக்கொண்டவர் உப்பே ஏறவில்லை என்று எழுதி வைத்துவிடுவார்.

மணியைப் பார்த்துப் போகாதீர்கள், ஓதத்தைப் பார்த்துப் போங்கள். பினாங்குத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையில் உச்ச ஏற்ற நேரத்தை எடுத்துக்கொண்டு, அதோடு உங்கள் பாலத்துக்கான தாமதத்தைக் கூட்டுங்கள். அந்தத் தாமதம் எந்த அட்டவணையிலும் கிடைக்காது. ஒரு நாள் பாலத் தூணில் சாக்கட்டிக் கோடு போட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மட்டம் உச்சிக்கு வந்த பிறகும் நீர் கொஞ்ச நேரம் மேல்நோக்கியே ஓடும். ஓட்டம் நின்று திரும்புகிற அந்த நேரத்தில்தான் உப்பு அதிகத் தூரம் ஏறியிருக்கும். ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பாருங்கள், அது எப்போது தயங்கி நிற்கிறதோ அப்போது அளவெடுங்கள்.

---

ஈசி_மீட்டர் · #3

அண்ணே சொன்ன ஓதக் கணக்கு சரி. ஆனால் மீட்டரை அதற்குள் விடுதலை செய்துவிட வேண்டாம்.

பேனா மாதிரியான மலிவு மீட்டர்களில் பாதி 'பி.பி.எம்.' என்று டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) காட்டும். அது அளந்த எண் கிடையாது. ஈ.சி.யை உள்ளேயே பெருக்கிக் காட்டுகிறது. சில மீட்டர்கள் 0.5 ஆல் பெருக்கும், சில 0.7 ஆல். ஒரே வாளித் தண்ணீர், ஈ.சி. 1,000 என்றால் ஒன்று 500 காட்டும், மற்றொன்று 700 காட்டும். இருவர் இரண்டு மீட்டரோடு வந்தால் சண்டைதான். எப்போதும் ஈ.சி.யை மட்டும் எழுதுங்கள், 25 பாகைக்குச் சரிசெய்த எண்ணாக எழுதுங்கள்.

அந்த வெப்பச் சரிசெய்தல் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பாகைக்குச் சுமார் 2 விழுக்காடு ஈ.சி. மாறும். பிற்பகலில் கால்வாய் நீர் 32 பாகைக்குப் போய்விட்டால், சரிசெய்யாத மீட்டர் 14 விழுக்காடு கூட்டிக் காட்டும். சோதனை எளிது. ஒரே நீரை இரண்டு குவளையில் ஊற்றி, ஒன்றைக் குளிர்பெட்டியில் வையுங்கள். முனை நீரின் வெப்பத்துக்கு வர இரண்டு நிமிடம் விட்டு இரண்டையும் அளந்தால் ஒரே எண் வர வேண்டும்.

சரிபார்ப்பு நீர் 1,413 மைக்ரோசீமென்ஸ். கடையில் சிறு பொட்டலமாகவே கிடைக்கும். நல்ல தராசு இருந்தால் காய்ந்த பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராமை வாலை வடிநீரில் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினாலும் அதே எண்தான். மலை ஓடைக்கும் கழிமுகத்துக்கும் ஒரே சரிபார்ப்பு போதாது. கழிமுகத்துக்கு 12,880 நீரில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். 1,413இல் சரியாக நின்று 12,880இல் 11,000 காட்டும் மீட்டர்கள் ஏராளம். காரணம் பெரும்பாலும் முனையில் படிந்த பாசியும் சேறும். மென்மையான தூரிகை, பாத்திரம் கழுவும் திரவம், பிறகு வடிநீர், அவ்வளவு போதும். மணல்தாள் வேண்டவே வேண்டாம்.

---

பிறை_வாய்க்கால் · #4

புரிகிறது. அப்படியானால் ஏற்றத்தின் உச்சியில் வாளி இறக்கினால் போதுமா?

---

முகத்துவாரம் · #5

வாளியையே விட்டுவிடுங்கள். வாளி எடுப்பது மேல் அரை அடி. கடல்நீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.025 கிலோ எடை. அது நன்னீருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. வறட்சியில் ஓட்டம் சாதுவாக இருக்கும்போது கலக்க ஆளில்லை. மேலே 400 இருக்கும், அடியில் 9,000 இருக்கும். நீரேற்றி இறைக்கிறவரின் உறிஞ்சுகுழாய் எங்கே இருக்கிறது? அடியில்தான்.

நீளக் கம்பி உள்ள முனை வேண்டும், 10 மீட்டராவது. கம்பியில் அரை மீட்டருக்கு ஒரு நிற நாடா சுற்றுங்கள். முனைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி ஒரு கிலோ ஈயக் குண்டு அல்லது மீன்வலைக் குண்டுகளைக் கட்டினால் குண்டுதான் சேற்றைத் தொடும், முனை தொடாது. சேற்றில் புதைந்த முனை தருவது சேற்றுநீரின் எண், ஆற்றுடையது அன்று. மேலிருந்து கீழே அரை மீட்டருக்கு ஒன்றாக அளந்துகொண்டே போய், திரும்பி மேலே வரும்போதும் அளவெடுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் முனைக்குப் போதிய நேரம் கொடுக்கவில்லை, அல்லது கம்பி ஓட்டத்தில் சாய்ந்திருக்கிறது.

ஒரு பாலத்தில் எடுப்பது நேரத்தோடு மாறும் எண். வறட்சி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்வது உப்பு எவ்வளவு தூரம் ஏறியது என்ற தூரம். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் ஏற்றம் பெரிது. அந்த நாள்களில் பாலம் பாலமாக மோட்டார்சைக்கிளில் மேல்நோக்கிப் போய், அடி நீர் 1,000 மைக்ரோசீமென்ஸைத் தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முகத்துவாரத்திலிருந்து அந்த இடம் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். மாதம் இரண்டு எண் போதும். அந்த இரண்டும் நாற்பது வாளியைவிட மேல்.

ஏன் 1,000? உப்பு கடலிலிருந்து வந்ததென்றால், ஆற்றின் சொந்த ஈ.சி. ஐம்பது அறுபது என்று வைத்துக்கொண்டால், 1,000 ஆகும்போது குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் பக்கம் வந்துவிடும். நாக்குக்கு உப்பு தட்டத் தொடங்கும் அளவு அது.

மூடா ஆற்றில் இந்த முறையைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே தடுப்பணை இருக்கிறது. பினாங்கின் குடிநீருக்கான ஆற்றுநீரில் சுமார் 80 விழுக்காட்டைத் தரும் ஆறு அது. லஹார் தியாங்கில் நீர் எடுக்கும் இடத்துக்கு உப்பு ஏறாமல் பார்த்துக்கொள்வது அந்த அணைதான். அணைக்குக் கீழே அளக்கும் உப்பு மேலிருந்து வரும் ஓட்டத்தைச் சொல்லாது. கதவு எப்போது எவ்வளவு திறந்தது என்பதைத்தான் சொல்லும்.

---

கத்திரி_மிளகாய் · #6

நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். செடிக்கு எத்தனை ஈ.சி. வரை பாய்ச்சலாம்? இன்னொன்று, சுங்கை பாக்காப் பக்கம் ஒரு பாரிட்டில் (வடிகால் வாய்க்காலில்) 2,200 காட்டுகிறது, ஆனால் நாக்கில் வைத்தால் உப்பே இல்லை, புளிக்கிறது. ஓரத்தில் துருநிறம் படிந்திருக்கிறது. கடல் அங்கிருந்து நல்ல தூரம்.

---

ஈசி_மீட்டர் · #7

தம்பி, இனி நாக்கில் வைக்காதீர்கள்.

பாசன நீருக்கு ஊரறிந்த வரம்புகள், விளைச்சல் குறையத் தொடங்கும் இடம்: நெல்லுக்கு 2,000, மிளகாய்க்கு 1,000, வெள்ளரிக்கு 1,700. வடிகால் நன்றாக இருந்து, பாய்ச்சும் நீரில் ஒரு பங்கு வேரைத் தாண்டிக் கீழே வடிந்தால்தான் இந்த எண்கள் செல்லும். கரண்டிக் கணக்கில் ஊற்றினால் உப்பு வேரடியிலேயே சேர்ந்துவிடும், அப்போது 800கூட மிளகாயைக் கருக்கும்.

உங்கள் பாரிட்டுக்கு உப்பு கடலிலிருந்து வரவில்லை. பி.எச். பாருங்கள், 4க்குக் கீழே இருக்கும் என்று நினைக்கிறேன். கடலோரச் சதுப்பு மண்ணுக்கடியில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கிடக்கிறது. நீர் மூடியிருக்கும்வரை அது தூங்கும். வறட்சியில் நிலத்தடி மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். ஈ.சி. ஏறுவதற்குக் காரணம் சல்பேட்டும் இரும்பும் அலுமினியமும்.

பிரித்தறிய ஒரு கணக்கு. கடல்நீரில் எடைப்படி குளோரைடு சல்பேட்டைப்போல் 7 மடங்கு. கடல்நீர் எவ்வளவு நீர்த்தாலும் அந்த விகிதம் பெரிதாக மாறாது. ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். விகிதம் 2க்குக் கீழே போனால் அது மண்ணின் அமிலம்தான். அந்த இடத்தில் ஈ.சி.யை மட்டும் வைத்துக் கடல் ஏறிவிட்டது என்று எழுதினால் வைத்தியம் முழுக்கத் தவறாகப் போகும். கடலுப்பென்றால் மதகை மூடி நன்னீர் விட வேண்டும். இங்கே பாரிட்டு மட்டத்தை உயர்த்தி மண்ணை மறுபடி நீரில் மூழ்கடிக்க வேண்டும், சுண்ணாம்பு போட வேண்டும். பாரிட்டை இன்னும் ஆழமாக வெட்டுவதுதான் ஆகப் பெரிய தப்பு. வறட்சியில் எல்லோரும் முதலில் செய்வதும் அதையேதான்.

குளோரைடை வீட்டிலேயே பார்க்க விரும்பினால் வெள்ளி நைட்ரேட் முறை உண்டு. 100 மில்லி நீர், பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு, 0.0141 நார்மல் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும்போது நிறுத்த வேண்டும். விட்ட ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரைடு என்று கணக்கு. வடிநீரில் வெற்றுச் சோதனை செய்து அந்த அளவைக் கழியுங்கள். பி.எச். 7க்கும் 10க்கும் நடுவில் இருந்தால்தான் இது வேலை செய்யும், அதனால் உங்கள் பாரிட்டு நீரை அப்படியே போட்டால் தப்பு எண் வரும். குரோமேட் நஞ்சு. கையுறை போடுங்கள், கழிவைச் சாக்கடையில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேருங்கள்.

---

வி_வெட்டு · #8

இனி ஓட்டம். வெள்ளக் காலத்தில் எல்லோரும் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பார்கள், வறட்சியில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கருவிகளும் அப்படியே. உயர்ந்த ஓட்டத்துக்கு வைத்த மட்டப் பலகை குறைந்த ஓட்டத்தில் வெறும் மணலில் நிற்கும். மட்டத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் வளைவும் கீழ்முனையில் சுருங்கிப் போயிருக்கும். ஒரு அடி மணல் குவிந்தால், நாலு கல்லை யாராவது குளிக்கத் தோதாக அடுக்கினால், அந்த வளைவு பொய். அதனால் வறட்சியில் மட்டத்தை நம்பாமல் ஓட்டத்தையே நேரே அளக்க வேண்டும். ஓட்டம் நின்றுபோகும் மட்டத்தையும் ஒருமுறை கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்: பலகைக்குக் கீழே நீரைத் தாங்கி நிறுத்தும் கல்வரிசையில் ஆக ஆழமான இடத்தின் ஆழத்தைப் பலகை எண்ணிலிருந்து கழித்தால் வரும்.

மலையடி ஓடைக்கு மூன்று வழி. எது என்பதை ஓட்டமே முடிவு செய்யும்.

வினாடிக்கு ஒரு லிட்டருக்குக் கீழே என்றால் பெயின்ட் வாளியும் கைபேசிக் கடிகாரமும். ஓடையைச் சேற்று மண்ணால் அணைகட்டி, ஒரு பி.வி.சி. குழாய் வழியாக மொத்தத்தையும் 20 லிட்டர் வாளிக்குள் விடுங்கள். மூன்று முறை, சராசரி. இதைவிடத் துல்லியமான முறையே கிடையாது, ஏளனமாகப் பார்க்க வேண்டாம்.

ஒன்று முதல் பத்துப் பன்னிரண்டு லிட்டர் வரை என்றால் வி வடிவ வெட்டுத் தகடு. மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் 90 பாகைக்கு வெட்டி, விளிம்பைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து இழைத்து, நீர் தொடும் ஓரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டராகக் கூர்மையாக்க வேண்டும். சூத்திரம்: ஓட்டம் (கன மீட்டர்/வினாடி) = 1.38 × உயரத்தின் 2.5 ஆம் அடுக்கு, உயரம் மீட்டரில். 5 செ.மீ. என்றால் 0.77 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர், 15 செ.மீ. என்றால் 12 லிட்டர்.

தவறுவது எங்கே? உயரத்தைத் தகட்டின் மேலேயே அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே நீர் ஏற்கெனவே வளைந்து இறங்கத் தொடங்கிவிட்டது. உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரம் மேலே தள்ளி அளக்க வேண்டும். அந்த அளவுகோலின் பூச்சியம் வெட்டின் முனைக்கு நேராக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தெளிவான மட்டக்குழாய் போதும், ஆனால் அதை அலட்சியமாகச் செய்யாதீர்கள். 5 செ.மீ. உயரத்தில் 3 மில்லிமீட்டர் பிசகு ஓட்டத்தில் 15 விழுக்காடு பிசகு. அடுத்து, தகட்டிலிருந்து விழும் நீர் காற்றில் தனியாக விழ வேண்டும், வெட்டின் முனை கீழ்நீருக்கு 5 செ.மீ.யாவது மேலே இருக்க வேண்டும். கடைசியாக, தகட்டுக்கு அடியிலும் பக்கத்திலும் கசிவு. மணல் படுகையில் பாதி நீர் அடியிலேயே போய்விடும். பிளாஸ்டிக் தாளை மேல்பக்கம் ஒரு மீட்டர் விரித்து மண் மூட்டை வையுங்கள். மஞ்சள்தூள் கரைத்து விட்டுப் பாருங்கள், தகட்டுக்குக் கீழே வேறெங்கும் நிறம் தலைகாட்டக் கூடாது.

அதற்கு மேல், பாறையும் துள்ளலுமாக ஓடினால், உப்புக் கரைசல். அதை ஈசி மீட்டர் விளக்கட்டும்.

---

கத்திரி_மிளகாய் · #9

ஐயா, ஒரு காய்ந்த குச்சியைப் போட்டு வேகம் பார்த்து அகலம், ஆழத்தால் பெருக்கினால் ஆகாதா? ஆற்றில் உப்பைக் கொட்டினால் மீன் செத்துவிடாதா?

---

ஈசி_மீட்டர் · #10

குச்சி காட்டுவது மேல்மட்ட வேகம், சராசரியைவிட அதிகம். 0.85 ஆல் பெருக்க வேண்டும். நேரான, ஒரே சீரான ஆழமுள்ள வாய்க்காலில் அது தேறும். வறட்சியில் கல்லும் குட்டையுமாகக் கிடக்கும் ஓடையில் அந்த 0.85க்கு எந்தப் பொருளும் இல்லை. அதே ஓடையில் வேகம் அளக்கும் காற்றாடி மீட்டர் வைத்தாலும் நீர் ஒரு சாண்கூட இருக்காது, வேகம் மெதுவாக இருந்தால் காற்றாடி சுற்றவே சுற்றாது.

உப்புக்கு வருவோம். புக்கிட் மெர்த்தாஜாம் கருங்கல் மலை, ஓடை நீரின் ஈ.சி. மிகக் குறைவு. அதனால் கொஞ்ச உப்பே நன்றாகத் தெரியும். வினாடிக்கு 50 லிட்டர் ஓட்டத்துக்கு அரைக் கிலோ சமையல் உப்பு. மீன் பக்கத்தில் போகும் செறிவு லிட்டருக்கு நூறு மில்லிகிராமுக்குள், அதுவும் சில நிமிடம். ஆனால் உப்பைக் கல்லாகக் கொட்டக் கூடாது, அடியில் தங்கிச் சிறுகச் சிறுகக் கரைந்தால் கணக்கும் கெடும், அந்த இடத்துப் பூச்சியும் கெடும். ஓடை நீரிலேயே வாளியில் முழுதாகக் கரைத்து ஒரே வீச்சாக நடு ஓட்டத்தில் ஊற்ற வேண்டும்.

அளக்கும் இடம் அகலத்தைப்போல் 25 மடங்கு கீழே. நடுவில் பெரிய குட்டையோ கிளை ஓடையோ வரக்கூடாது. ஊற்றுமுன் அடிப்படை ஈ.சி.யைக் குறித்துக்கொண்டு, ஊற்றியதிலிருந்து 5 வினாடிக்கு ஒரு எண். எண் ஏறி, இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பும்வரை கையை எடுக்காதீர்கள். வால் நீளமாக இழுக்கும், பொறுமையில்லாதவர்கள் அங்கேதான் வெட்டிவிட்டு ஓட்டத்தை அதிகமாகக் காட்டுகிறார்கள்.

கணக்கு: ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அடிப்படையைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டி, 5 ஆல் பெருக்குங்கள். 20,000 வந்தது என்று வைப்போம். ஒரு மைக்ரோசீமென்ஸுக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் உப்பு என்றால் 10,000. போட்ட உப்பு 500,000 மில்லிகிராம். வகுத்தால் வினாடிக்கு 50 லிட்டர்.

அந்த 0.5ஐக் கண்ணை மூடி நம்பாமல் அங்கேயே சரிபாருங்கள். ஓடை நீர் ஒரு லிட்டரில் 10 கிராம் உப்பு கரைத்து, அதில் 10 மில்லியை இன்னொரு 10 லிட்டர் ஓடை நீரில் விட்டால் ஈ.சி. சுமார் 20 ஏற வேண்டும். இரண்டு கரையிலும் ஒவ்வொரு முறை அளந்து இரண்டு விடையும் 5 விழுக்காட்டுக்குள் வந்தால் கலப்பு சரி. ஓதம் ஏறும் இடத்தில் இந்த முறையை நினைத்தே பார்க்காதீர்கள்.

---

கயிறும்_கல்லும் · #11

கிணற்றுக்கு வருகிறேன். இங்கே கருவியைவிட ஒழுங்குதான் முக்கியம்.

கிணற்று வளையத்தில் ஒரு இடத்தில் பெயின்ட் அடையாளம் போடுங்கள். எப்போதும் அதிலிருந்துதான் அளவு. வளையத்தின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் மூன்று நாலு செ.மீ. சாய்வு இருக்கும், ஆள் மாறினால் அத்தனையும் பிழை. அடையாளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், இரண்டையும் எழுதிவையுங்கள். இரண்டாவது எண்ணுக்கு நில அளவை இலாகாவின் மட்டக்கல்லிலிருந்து அளவு எடுத்து வர வேண்டும். செலவுதான், ஆனால் கடலோரக் கிணற்றில் அந்த எண் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. காரணம் கீழே.

ஒலியெழுப்பும் அளவுநாடா கிணற்றுச் சுவரில் வழியும் ஈரத்திலேயே கத்திவிடும். மலைப் பக்கத்துக் கிணற்றில் நீர் தூய்மையாக இருப்பதால் நீரைத் தொட்டும் கத்தாது. உணர்திறன் திருகைக் கூட்டுங்கள். சந்தேகம் வந்தால் பழைய முறை: இரும்பு நாடாவின் கடைசி ஒரு மீட்டரில் நீலச் சாக்கட்டி பூசி இறக்கி, நனைந்த கோட்டைக் கழியுங்கள். அது பொய் சொல்லாது.

பம்பு நின்று எத்தனை நேரம் ஆனது என்பதை எழுதாத அளவு குப்பை. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளங்கள். இரண்டும் ஒரு செ.மீ.க்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கிணறு இன்னும் மீண்டுகொண்டிருக்கிறது. உங்கள் பம்பை நிறுத்தினால் போதாது, பக்கத்து வீட்டில் ஓடுகிறதா என்றும் காது கொடுத்துக் கேளுங்கள். விடியற்காலை ஆறு மணி நல்ல நேரம்.

இப்போது அந்தக் காரணம். கடலோர மணலில் நன்னீர் உப்புநீர் மேல் மிதக்கிறது. எடை வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. எனவே நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தால், உப்புநீர் எல்லை சுமார் 40 மீட்டர் கீழே. வறட்சியில் மட்டம் 10 செ.மீ. இறங்கினால் எல்லை காலப்போக்கில் 4 மீட்டர் மேலே வரும். பம்பு வைத்த இடத்தில் அது கூம்பாக எழும்பி நேரே வடிகுழாய்க்குள் வந்துவிடும். கிணறு வற்றும் முன்பே உப்பாகிவிடுவது அதனால்தான். கூட இறைத்து ஈடுகட்டலாம் என்று பெரிய பம்பு போடுகிறவர் கூம்பைத்தான் தூக்கிவிடுகிறார். சிறிய பம்பு, அதிக நேரம், இரண்டு கிணறாகப் பிரித்து.

குழாய்க் கிணற்றில் ஈ.சி. எடுக்கும்போது குழாயில் தேங்கிய நீரை முதலில் வெளியேற்றுங்கள், நிற்கும் நீரைப்போல் மூன்று மடங்கு. 50 மில்லிமீட்டர் குழாயில் 10 மீட்டர் நீர் நின்றால் அது 20 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 60 லிட்டர். ஆனால் எல்லை எங்கே என்று பார்ப்பதென்றால் இறைக்கக் கூடாது. அசைக்காமல் முனையை மெல்ல இறக்கிப் பாருங்கள்.

---

பிறை_வாய்க்கால் · #12

ஒரு குழாய்க் கிணற்றில் தானியங்கி அழுத்தக் கருவி ஒன்று தொங்குகிறது. அதில் நாளுக்கு இரண்டு முறை 3 செ.மீ. அலை வருகிறது. கடல் ஓதம்தானே?

---

கயிறும்_கல்லும் · #13

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கருவி காற்றோடு தொடர்பில்லாத வகையென்றால் அது நீரின் எடையோடு காற்றின் எடையையும் சேர்த்துத்தான் காட்டும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தமே நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 பக்கம் உச்சம், மாலை 4, விடிகாலை 4 பக்கம் தாழ்வு. ஏற்றத்தாழ்வு 3, 4 ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஒரு செ.மீ. நீருக்குச் சமம் என்பதால் உங்கள் 3 செ.மீ. அப்படியே வந்துவிடும்.

பிரித்தறிவது எளிது. பத்து நாள் பதிவைப் பாருங்கள். உச்சம் தினமும் அதே மணிக்கு வந்தால் காற்று. நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப் போனால் கடல். காற்றென்றால் மேலே ஒரு காற்றழுத்தக் கருவியும் வைத்துக் கழியுங்கள், ஒன்று இருந்தால் சுற்றுவட்டாரத்து எல்லாக் கிணற்றுக்கும் போதும். கிணறு உப்பானால் இன்னொரு சிக்கல்: கருவி நன்னீர் என்று நினைத்துக் கணக்குப் போடும். 10 மீட்டர் கடல்நீரை 10.25 மீட்டர் என்று காட்டும், மட்டம் ஏறிவிட்டது என்று மகிழ்ந்துபோவீர்கள்.

---

வி_வெட்டு · #14

பிறை, ஓடையில் மூன்று நாலு அளவு சேர்ந்ததும் வரைபடத்தாளில் ஓட்டத்தை மடக்கை அளவில் போடுங்கள், நாளைச் சாதாரண அளவில். மழையில்லாத நாள்கள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். 50 லிட்டர் 10 நாளில் 40 ஆனால், ஒரு நாளைக்கு 0.978 பங்கு மிஞ்சுகிறது. அதே போக்கில் 31 நாளில் பாதியாகும். கோடு திடீரென்று கீழே முறிந்தால் மேலே யாரோ குழாய் போட்டு எடுக்கிறார்கள் என்று அர்த்தம். வறட்சி கோட்டை முறிக்காது, கோட்டிலேயே இறங்கும்.

ஒரு மழை பெய்ததும் ஓடை குதிக்கும். கிணற்றைப் பார்க்காமல் வறட்சி முடிந்தது என்று எழுத வேண்டாம். ஓடைக்கு அன்றே தெரியும், நிலத்தடிக்கு அது போய்ச்சேர வாரங்கள் ஆகும்.

---

பிறை_வாய்க்கால் · #15

நன்றி. அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்துப் பாலத்தில் உப்பு, அன்று விடியலில் கிணறுகள், மறுநாள் ஓடை என்று வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: பாலத்தில் முனையை எங்கே இறக்குவது? தூணுக்குப் பக்கத்தில்தான் ஆழம் அதிகம்.

---

முகத்துவாரம் · #16

தூண் காலடியில் வேண்டாம். அங்கே ஓட்டம் அரித்த பள்ளம் இருக்கும். ஏற்றத்தில் இறங்கிய உப்புநீர் வற்றத்திலும் வெளியேறாமல் அந்தக் குழியிலேயே கிடக்கும், ஆறு முழுக்க நன்னீரான பிறகும் உங்களுக்கு 8,000 காட்டும். இரண்டு தூணுக்கு நடுவில், ஆற்றின் ஆழமான ஓடுபாதைக்கு நேரே கைப்பிடிச் சுவரில் ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். கனரக லோரி போகும் பாலமென்றால் நடைபாதை உள்ள பக்கத்தில் நில்லுங்கள், கூட ஒருவர் பிரதிபலிப்புச் சட்டை போட்டு நிற்கட்டும். எண்ணை எழுதும்போது ஏற்றமா வற்றமா, இலை எந்தப் பக்கம் போனது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.